சித்தியை விட்டுவிடுங்கள்

குடும்பக் குழுக்களிலும் நண்பர் குழுக்களிலும் பிறர் எழுதும் தமிழைத் திருத்தி வரும் அன்பர்களுக்கு,



நானும் உங்கள் கட்சிதான். மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒற்று விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறதா, ரகரமா றகரமா, சொல்லைச் சேர்த்து எழுதுவதா பிரிப்பதா என்று பார்த்துப் பார்த்தே என் மூக்குக் கண்ணாடி தடித்துப்போனது. ஆகவே 'புரிந்தால் போதாதா, இலக்கணம் எதற்கு' என்று கேட்கிற ஆளின் மடல் இது என்று எண்ணிப் பாதியில் மூடிவிடாதீர்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கும் இதில் சில வரிகள் உண்டு. ஆனால் முதல் வழக்கு உங்களோடு.

எங்கள் உறவுக்காரர் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தி ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு எழுதினார்: 'சித்தப்பாவுக்கு அருவை சிகிச்சை நல்லபடியா முடிஞ்சுது, கண் முழிச்சு பேசுறாங்க.' உடனே ஒரு பதில் வந்தது. ஒரு நட்சத்திரக் குறி, அதை ஒட்டி 'அறுவை' என்று ஒரே சொல். சித்தப்பா எப்படி இருக்கிறார், சாப்பிட்டாரா, யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி இல்லை. சித்தி அதற்குப் பிறகு அந்தக் குழுவில் எழுதுவதில்லை. கும்பிடும் கை, பூங்கொத்து, யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஊர்த் திருவிழா, யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தக் கடையில் நல்ல புளி வந்திருக்கிறது என்று நாலு வரி, ஐந்து வரி எழுதிக்கொண்டிருந்தவர் அவர். திருத்தியவர் சொன்ன எழுத்து சரி. 'அறு' என்னும் வினையிலிருந்து வருவது 'அறுவை', வல்லின றகரமேதான். சொன்ன நேரமும் இடமும்தான் கோணல்.

உங்களிடம் கேட்கிறேன்: அந்த 'ரு' எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? படிப்பில்லாமையால் வந்தது என்று எண்ணினால், நாம் செய்கிற வேலையின் முதல் பாடமே நமக்குத் தெரியவில்லை என்று பொருள். தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் தனி ரகரமும் தனி றகரமும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. கன்னியாகுமரிப் பக்கம் போனால் வேறுபாடு காதில் விழும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் கண்ணால் மனப்பாடம் செய்தது. ந, ன இரண்டுக்கும் இன்றைய பேச்சில் ஒலி ஒன்றே. சொல்லில் அது நிற்கிற இடத்தை வைத்துத்தான் எதை எழுதுவது என்று தீர்மானிக்கிறோம். ழகரம் சில இடங்களில் ளகரமாகும், சென்னைத் தெருக்கள் சிலவற்றில் யகரமாகும். காது கைவிட்ட வேறுபாட்டைக் கண்ணும் கையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். தாளில் எழுதிக்கொண்டிருந்தவரை கை ஞாபகம் வைத்திருந்தது. இப்போது அந்தக் கையின் கீழ் இருப்பது வேறு ஒரு கருவி.

இன்று கைப்பேசியில் தமிழ் எழுதும் பலர் தமிழெழுத்தைத் தொடுவதே இல்லை. ஆங்கில எழுத்தைத் தட்டுகிறார்கள். கருவி அதைத் தமிழாக்கித் தருகிறது. 'அஞ்சல்' என்னும் முறையிலான விசைப்பலகையில் சின்ன 'ஆர்' தட்டினால் ர. ஷிஃப்டை அழுத்திப் பெரிய 'ஆர்' தட்டினால் ற. சின்ன 'எல்' ல, பெரிய 'எல்' ள. சின்ன 'என்' ன, பெரிய 'என்' ண. அதாவது றகரம், ளகரம், ணகரம் மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டல் கூடுதலாகக் கேட்கின்றன. ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் எழுதுகிறவர் அந்த ஒரு தட்டலைத்தான் முதலில் விட்டுவிடுவார். சொல்லையே ஊகித்துத் தருகிற வேறு வகைப் பலகைகளும் உண்டு. அவற்றில் பல்லியும் பள்ளியும் மேலே அடுத்தடுத்து நிற்கும். அவசரத்தில் விரல் முதலில் நிற்பதைத் தொடும். குழந்தை காலை எட்டரை மணிக்குப் பல்லிக்குக் கிளம்பிவிடும். இதில் தமிழறிவைத் தேடி என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. கைப்பேசியில் குறுஞ்செய்திதான் எல்லாம் என்றிருந்த காலத்தில், ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் கிடைக்கும். தமிழில் எழுதினால் 70. அதிலும் 'கொ' நம் கணக்கில் ஓரெழுத்து, கருவியின் கணக்கில் இரண்டு. ஒரே சேதியைத் தமிழில் அனுப்பினால் இரண்டு செய்திக்கோ மூன்று செய்திக்கோ காசு போகும். போய்ச் சேர்ந்த இடத்திலும் பல கைப்பேசிகளில் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம் மென்பொருள் சிங்கப்பூரில் வெளிவந்தபோது, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது ஒரு புதுமை. அந்த இடைக்காலத்தில் ஒரு தலைமுறையே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிவிட்டது. அந்த எழுத்தில் ல, ள பிரிக்க வேண்டியதில்லை, ர, ற பிரிக்க வேண்டியதில்லை. ழகரத்துக்கு மட்டும் இசட்டும் ஹெச்சும் சேர்த்துத் தனி மரியாதை. பல ஆண்டுகள் அப்படி எழுதிவிட்டு, இப்போது தமிழ் எழுத்துக்குத் திரும்பி வருகிறார்கள். திரும்பி வருகிறவர்களை வாசலில் நிறுத்தி 'அது ளகரம்' என்கிறோம் நாம். அவர்களுக்குப் பழைய வழி இன்னும் திறந்தே இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். ஆங்கில எழுத்தில் எழுதினால் அவர்களை யாரும் திருத்துவதில்லை. தமிழ் எழுத்தில் எழுத முயன்றவருக்குத் தண்டனை, முயலாதவருக்கு விடுதலை என்று ஆகிவிட்டது.

நியாயமான கோபம் ஒன்று உண்டென்றால் அது தமிழ்99 விசைப்பலகையைப் பற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த பலகை அது. 12 உயிருக்கும் 18 மெய்க்கும் தனித்தனி விசை. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். 'பந்து', 'சங்கு', 'பஞ்சு' என்று மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. தமிழ்ச் சொல்லின் நடையை அறிந்து செய்த பலகை. ளகரம் வேண்டும் என்றால் ளகரத்தைத்தான் தொட வேண்டும் என்பதால் எழுத்து நினைவில் நிற்கும். இதைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே பழக்கியிருந்தால் நம் வேலை பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் துணிபு. அதைச் செய்யாதவர்கள் யாரோ; திட்டு வாங்குவது சித்தி.

பிழைகளைப் பற்றி இன்னொரு சேதி. நீண்ட நாள் மெய்ப்புப் பார்த்தால், பிழைகளில் பெரும்பாலானவை மூளையோடு செய்யப்பட்டவை என்பது தெரியும். 'சுவற்றில்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குழுக்களில் அதிகம் அடி வாங்குகிற சொல் அதுவாகத்தான் இருக்கும். 'சுவரில்' என்பதே சரி. அச்சில் 'சுவற்றில்' வந்தால் நான் வெட்டுவேன். ஆனால் அது எப்படிப் பிறந்தது பாருங்கள். கிணறு கிணற்றில் ஆகிறது. வயிறு வயிற்றில், சோறு சோற்றில், ஆறு ஆற்றில். சுவரைப் பேச்சில் 'செவுரு' என்கிறோம். கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. அந்த உகரத்தைக் கேட்ட காது, சுவரையும் கிணறு, வயிறு வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. நெடில்தொடரிலும் உயிர்த்தொடரிலும் வரும் குற்றியலுகரத்தின் டகர றகரம் இரட்டிக்கும் என்று நன்னூலில் பவணந்தி சொன்னதை, நன்னூலைத் தொட்டே பார்க்காத ஒருவர் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்; என்ன, ஒரு சொல்லுக்கு அதிகமாகக் கடைப்பிடித்துவிட்டார். 'முயற்சிக்கிறேன்' என்பதும் இதே சாதிதான். யோசனை இருக்கிறது, யோசிக்கிறேன் இருக்கிறது. முயற்சி இருக்கும்போது முயற்சிக்கிறேன் ஏன் கூடாது என்று கேட்கிறது நாக்கு. 'முயல்கிறேன்' என்று திருத்தலாம். 'தமிழைக் கொல்கிறாயே' என்று கத்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, நம்மால் பிறந்த பிழைகளும் உண்டு. 'படித்தப் புத்தகம்', 'வந்தப் பிறகு', 'என்றுக் கூறினார்'. பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது; 'என்று' என்பதன் பின்னும் மிகாது. 'கேட்டுக் கொண்டான்' என்பதில் மிகுகிறதே என்றால், அது வன்தொடர், இது மென்தொடர். இது தெரியாதவர் ஒற்றே போடாமல் விட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பார். ஒற்றை விட்டால் யாராவது கேலி செய்வார்கள், போட்டு வைத்தால் படித்தவன் என்று எண்ணுவார்கள் என்று பயந்து, க, ச, த, ப எங்கே கண்டாலும் முன்னால் ஒரு புள்ளியெழுத்தை நட்டுவிடுகிறார்கள். இயல்பாகப் பேசுகிறபடி எழுதுகிறவரிடம் இந்தப் பிழையை நான் கண்டதில்லை. திருத்தப்பட்டவர்களிடம்தான் காண்கிறேன்.

அடுத்து, நாம் திருத்துவதில் எவ்வளவு உண்மையிலேயே பிழை என்பதையும் பார்க்க வேண்டும். பொங்கல் வந்தால் போதும், 'வாழ்த்துகளா வாழ்த்துக்களா' என்று தொடங்கிவிடும். 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் அது வாழ்த்தாகிய கள், போதை தரும் கள் என்று ஒரு பழைய நகைச்சுவை ஆண்டுதோறும் பானையோடு இறங்கும். அப்படியானால் பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் எல்லாம் எந்தக் கடையில் குடித்துவிட்டு வந்தவை? அங்கெல்லாம் ஒற்று மிகுவதை யாரும் தடுப்பதில்லை. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும் என்பது விதி. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு எல்லாம் அப்படி வந்தவைதாம். அந்த விதி சொல்லும் சொல்லும் சேரும் இடத்துக்கு உரியது, 'கள்' வெறும் பன்மை விகுதி, ஆகவே மிகாது என்பது ஒரு சாராரின் வாதம். விகுதியானாலும் ஓசை ஓசைதானே என்பது மறுசாரார் வாதம். இன்றைய பள்ளிப் பாடநூல்கள் 'எழுத்துகள்' என்றே அச்சிடுகின்றன. முந்தைய தலைமுறைப் புலவர்களின் நூல்களைப் புரட்டினால் 'எழுத்துக்கள்' தாராளமாகக் கிடைக்கும். நான் பணியில் 'வாழ்த்துகள்' என்றுதான் போடுகிறேன்; ஒரு நூல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குக் காரணம். 'வாழ்த்துக்கள்' என்று மனமார எழுதி அனுப்பியவரைத் தமிழறியாதவர் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. உங்களிடமும் இருக்காது.

'நாட்கள்' கதையும் இதுதான். 'நாள்கள்' என்று எழுதச் சொல்கிறவர்கள் 'ஆட்கள்' என்பதை 'ஆள்கள்' என்று எழுதுகிறார்களா என்று கவனித்து வருகிறேன். இதுவரை யாரும் அகப்படவில்லை. கோவிலா கோயிலா என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இரண்டிலும் சாமி இருக்கிறார்.

சில திருத்தங்கள் வெறும் ஊர் அறியாமை. ஈழத் தமிழர் ஒருவர் 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார். சென்னையில் இருந்து ஒருவர் 'டொராண்டோ' என்று திருத்துகிறார். ஆங்கிலச் சொற்களில் வரும் 'டி' (t) ஒலிக்கு ரகர றகரங்களைப் பயன்படுத்துவது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய எழுத்து வழக்கு. அங்கே 'ரிக்கற்', இங்கே 'டிக்கெட்'. 'நான் வாறன்' என்று அவர் எழுதினால் ஏகாரம் விட்டுப்போனதாக எண்ணி நாம் அதை மாட்டிவிட வேண்டாம். அவர் வீட்டில் அப்படித்தான் வருவார்கள், போவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் குழுக்களில் எழுதப்படுவது பெரும்பாலும் பேச்சுத் தமிழ் என்பது. பேச்சுத் தமிழை இப்படித்தான் எழுத்துக்கூட்டி எழுத வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. 'போய்ட்டேன்', 'போயிட்டேன்', 'போய்ட்டன்', 'பூட்டேன்' இவற்றில் எது சரி? நன்னூலில் விடை இல்லை. புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைக் கதையில் எழுதியபோது காதில் விழுந்ததைக் கையில் வந்தபடி எழுதினார். கி. ராஜநாராயணன் அகராதிகள் சேர்க்காமல் விட்ட கரிசல் சொற்களைத் திரட்டித் தனி அகராதியே செய்தார். எழுத்தாளர் எழுதினால் அது வட்டார வழக்கு என்று ஆய்வேடு எழுதுகிறோம். அதே ஊர்க்காரர் தன் மகளுக்கு அதே சொல்லை எழுதினால் கொச்சை என்கிறோம். குழுவில் எழுதுகிறவர் கட்டுரை எழுதவில்லை, பேசுகிறார். புரியாவிட்டால் 'என்னது?' என்று கேட்கலாம், அடுத்த நொடி பதில் வரும். முற்றுப்புள்ளி வைக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறீர்கள். அடுத்த வரிதான் அங்கே முற்றுப்புள்ளி.

'இப்படியே விட்டால் தமிழ் அழிந்துவிடும்' என்பீர்கள். ஏட்டுச் சுவடியை அருகில் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி எதுவும் இல்லை. எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், எழுதுகிற கை அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறில் நெடில் குழப்பத்துக்கு வடிவத்தில் தீர்வு கண்டவராக நாம் சொல்வது 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரை. அவர் இத்தாலியில் பிறந்தவர். காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் ஐரோப்பியரோடும் அச்சோடும் வந்தவை. அவை வரும்வரை சங்கப் பாட்டும் காப்பியமும் உரைகளும் இந்த நிலையில்தான் கைமாறி வந்தன, தமிழ் அழியவில்லை.

இதை நான் சலுகைச் சீட்டாகக் காட்டவில்லை. புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஏடுகளால்தான் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றுமுன் அவ்வளவு பாடுபட்டார். எந்த எழுத்து, எங்கே சொல் முடிகிறது, எது எழுதியவரின் கைப்பிழை என்று ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுக் கண்டறிவதிலேயே அவர் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. நூலாக நிலைக்கப்போகிற எழுத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. சித்தியின் செய்தி நூலாகப் போவதில்லை.

'சரி' என்பதே ஓர் அரசாணையில் மாறிய கதையும் நம் கண் முன் நடந்ததுதான். பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்து வடிவங்கள் சிலவற்றை, அவரது நூற்றாண்டை ஒட்டி 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வடிவம் மாறின. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாணவன் 'லை' என்பதை இன்றைய வடிவில் எழுதியிருந்தால் வாத்தியார் சுழித்திருப்பார்; பிந்தைய ஆண்டு பழைய தும்பிக்கை போட்டு எழுதியவனைச் சுழித்திருப்பார். இன்றும் கையெழுத்தில் அந்தத் தும்பிக்கையை விடாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அழகாகவே இருக்கிறது.

உங்கள் கண்ணுக்கு ஒரு சோதனையும் வைக்கிறேன். 'ஔவை', 'ஒளவை' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். வேறுபாடு தெரிகிறதா? முதலாவது ஔ என்னும் ஒரே உயிரெழுத்து. இரண்டாவது, ஒகரமும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கருவிக்கு வேறு வேறு. கௌரவம், மௌனம், சௌந்தரம் எல்லாவற்றிலும் இதே கோளாறு. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதியவை எங்கும் நிறைந்திருக்கின்றன. ஒரு வடிவத்தைக் கொடுத்துத் தேடினால் மற்ற வடிவத்தில் எழுதியவை அகப்படாமல் போகலாம். எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளை நம்பி வாழும் பார்வையற்ற வாசகருக்கு அது ஒ, ள, வை. குழுக்களில் இவ்வளவு திருத்தம் நடக்கிறதே, இதை ஒருவர் சுட்டி நான் பார்த்ததில்லை. உங்களில் பலர் ஔவையாரை மேற்கோள் காட்டும்போதே இந்தப் பிழையோடுதான் காட்டுகிறீர்கள். கண்ணில் படுகிற பிழை மட்டும் நமக்குப் பிழையாக இருக்கிறது.

இனி, 'புரிந்தால் போதும்' கட்சிக்கு. புரிந்தால் போதும் என்பது சரி. புரிகிறதா என்பதுதான் கேள்வி. 'அம்மாவுக்கு இந்த மாத்திரை ஒரு வேளை' என்றால் நாளுக்கு ஒரு தடவை. 'ஒருவேளை' என்று சேர்த்துவிட்டால் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். 'மூன்று வேலை மாத்திரை' என்று எழுதினால் ஊகித்துக்கொள்ளலாம். ஊகிக்க வேண்டிய நிலையில் மருந்தை வைக்கலாமா? 'முந்நூறு அனுப்பினேன்' என்பது பணம்; 'முன்னூறு' என்றால் முன்னே அனுப்பிய நூறோ என்று கணக்குப் பார்க்கிறவர் மயங்கலாம். 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டும். 'கீரைக் கடை' என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். உளமார வாழ்த்துவது ஒன்று, 'உளமாற' வாழ்த்தினால் மனம் மாறிவிட்டதாக ஆகும். மருந்து, பணம், நாள், இடம், பெயர்: இந்த ஐந்திலும் அனுப்புமுன் ஒரு முறை படித்துப் பாருங்கள். அவ்வளவு போதும். மிச்சத்தை நான் கேட்கமாட்டேன்.

திருத்தும் அன்பர்களே, அந்த ஐந்தில் பிழை கண்டால் தாராளமாகச் சொல்லுங்கள், தனியே சொல்லுங்கள். மற்றவற்றில் ஒரு வழி இருக்கிறது. என் பாட்டி தலைமுறையினர் குழந்தைக்குப் பேச்சுப் பழக்கிய வழி. குழந்தை 'தண்ணி' என்பதற்கு 'தந்னி' என்றால் அவர்கள் திருத்தவில்லை, 'தண்ணி வேணுமா, இந்தா தண்ணி' என்றார்கள். 'அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி சித்தி, சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தால் றகரமும் போய்ச் சேர்ந்திருக்கும், அன்பும் போய்ச் சேர்ந்திருக்கும். தாமாகவே 'எது சரி?' என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அ.கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' நூலைச் சொல்லுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைச் சொல்லுங்கள். நீச்சல்காரன் என்பவர் செய்து வைத்திருக்கும் வாணி, நாவி என்னும் திருத்திகளைச் சொல்லுங்கள். வாணி எழுத்துப்பிழையைப் பார்க்கும். நாவி சந்திப்பிழையைப் பார்க்கும். இரண்டும் யாரையும் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துவதில்லை.

உங்கள் கண் கூர்மையானது. அதை வீணாக்க வேண்டாம். சம்பளம் வாங்கிக்கொண்டு தமிழ் எழுதுகிறவர்களிடம் அதைத் திருப்புங்கள். தொலைக்காட்சியில் அடியில் ஓடுகிற வரி, நெடுஞ்சாலைப் பலகை, ரயில் நிலைய அறிவிப்பு, வங்கி இயந்திரத்தின் திரை, இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே அச்சிட்ட விளம்பரம், அரசு அலுவலகத்துப் படிவம், பாடநூல். இவற்றை எழுத ஆள் இருக்கிறார், பார்க்க மேலாள் இருக்கிறார், அச்சிடக் காசு இருக்கிறது. ஒரு மெய்ப்புப் பார்ப்பவரை வைக்க மட்டும் காசு இருப்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு நெடுஞ்சாலைப் பலகையில் தப்பாக எழுதப்பட்ட ஊர்ப் பெயரை ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேர் பார்க்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் சரி என்று மனத்தில் பதிக்கிறார்கள். சித்தியின் 'அருவை'யைப் பார்த்து எந்தப் பிள்ளையும் பாடம் படிக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நட்சத்திரக் குறி போட விரல் நீளும்போது, அந்தக் குழுவை மூடிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். பிழையுள்ள பலகையைப் படம் எடுங்கள். ஊரும் தெருவும் நாளும் குறித்து உரிய அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். அந்த மனுவை அனுப்புமுன் யாராவது ஒரு முறை மெய்ப்புப் பார்த்தால் நல்லது என்று தோன்றினால் எனக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம்.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்